சாட்சியாக வந்த ஆன்கா

1982-இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் சிறுநீரக அழற்சி கண்ட எட்டு பேரின் ரத்தத்தில் விசித்திரமான ஓர் எதிர்ப்பொருளைப் பார்த்தார்கள். கிருமியைப் பிடிக்க வேண்டிய அது, கிருமியைத் தின்னும் நியூட்ரோஃபில் வெள்ளணுவையே பிடித்திருந்தது. கொசு பரப்பும் ராஸ் ரிவர் வைரஸின் வேலையோ என்று சந்தேகித்தார்கள்.

மூன்று ஆண்டுகளில் துப்பு வேறு திசைக்குப் போனது. ரத்தக்குழாய்களைத் தாக்கும் வெகெனர் நோய் கண்டவர்களிடம் இதே எதிர்ப்பொருள் இருப்பதை நெதர்லாந்து, டென்மார்க் மருத்துவர்கள் 1985-இல் லான்செட் இதழில் எழுதினார்கள். அந்த நோய் பெரும்பாலும் மூக்கில்தான் தொடங்கும். ரத்தம் கலந்த பொருக்கு விடாமல் கட்டும். குருத்தெலும்பு அரிபட்டு மூக்குத்தண்டு அமுங்கும். சிலருக்குக் குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழாய் சுருங்கும். நுரையீரலில் குழி விழும். சிகிச்சை இல்லாத காலத்தில் பெரும்பாலோர் ஓராண்டைத் தாண்டியதில்லை. இப்போது அதைக் காட்டிக்கொடுக்க ஒரு சாட்சி கிடைத்தது. அந்த எதிர்ப்பொருளின் பெயர் ஆன்கா.

அது வெள்ளணுவில் எதைப் பிடிக்கிறது? 1988-இல் அமெரிக்காவின் ஃபால்க்கும் ஜெனெட்டும் ஓர் இலக்கைக் கண்டார்கள்: மையலோபெராக்ஸிடேஸ். முற்றிய சளிக்குப் பச்சை நிறம் தரும் நொதி இதுதான். வெகெனர் நோயில் அதிகம் தாக்கப்படும் புரோட்டினேஸ்-3 அடுத்து அடையாளம் காணப்பட்டது.

2002-இல் சாட்சியே குற்றவாளிக் கூண்டில் ஏறியது. மையலோபெராக்ஸிடேஸுக்கு எதிரான எதிர்ப்பொருளை எலிகளுக்குச் செலுத்தியதும் அவற்றின் சிறுநீரகம் பழுதானது. தொற்றோ வேறு தூண்டுதலோ வரும்போது இந்த நொதிகள் வெள்ளணுவின் மேற்பரப்புக்கு வருகின்றன. ஆன்கா அவற்றைப் பற்றிக்கொள்கிறது. சீண்டப்பட்ட வெள்ளணு தன் நொதிகளை நுண்ரத்தக்குழாய்ச் சுவரிலேயே கொட்டிவிடுகிறது.

சிகிச்சையும் அந்த வழியிலேயே நகர்ந்தது. ஆன்காவைச் சுரக்கும் அணுக்களின் முன்னோடியான பி அணுக்களை அழிக்கும் ரிடுக்ஸிமாப், நச்சுத்தன்மை மிகுந்த பழைய மருந்தான சைக்ளோஃபாஸ்ஃபமைடுக்குப் பலனில் குறைந்ததல்ல என்று 2010-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. நோய்க்குப் பெயர் தந்த மருத்துவர் வெகெனர் நாஜிக் கட்சியில் இருந்தவர் என்பது வெளிவந்த பின், 2011-இல் மருத்துவச் சங்கங்கள் நோயின் பெயரை ஜி.பி.ஏ. (கிரானுலோமட்டோசிஸ் வித் பாலிஆஞ்சைட்டிஸ்) என மாற்றின.

இத்தனைக்குப் பிறகும் ஆன்காவின் வாக்குமூலம் மட்டும் தீர்ப்பாகாது. இருமலில் ரத்தம், எக்ஸ்ரேயில் குழி என்றால் இந்தியாவில் முதல் சந்தேகம் காசநோய்மேல் விழும்; காசநோயாளிகள் சிலரிடமும் ஆன்கா தென்படுவதுண்டு. மாறாக, மூக்கோடும் மூச்சுக்குழாயோடும் நிற்கும் ஜி.பி.ஏ.வில் சோதனை நெகட்டிவாகவே வரலாம். ஆன்காவின் அளவு ஏறியதால் மட்டும் நோய் திரும்பிவிட்டது என்றும் ஆகாது. அதனால் அனுபவமுள்ள மருத்துவர் ஆன்கா அறிக்கையைப் படித்த பிறகும் சளிப் பரிசோதனையையும், தேவைப்பட்டால் திசுப் பரிசோதனையையும் கேட்கிறார்.