கேள்விக்குறியாகிப் போன பெயர்கள்



ஆரணியில் ஜக்கார்டு தறியைப் பார்க்காத பிள்ளை உண்டா? தறி அதேதான், பாவும் அதேதான். மேலே தொங்கும் அட்டைகளை மாற்றினால் மாங்காய் போய் மயில் வந்துவிடும். சி மொழியின் மேக்ரோவை வகுப்பில் நான் இப்படித்தான் விளக்குவேன். அதற்கும் தமிழுக்கும் உள்ள உறவு எனக்கே பின்னால்தான் புரிந்தது.

பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி சி மொழியை உருவாக்கியபோது, 1972-73 வாக்கில், கம்பைலருக்கு முன்னால் நிரலைத் திருத்தித் தரும் முன்செயலியும் வந்தது. முதலில் ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொன்றை வைப்பது போன்ற சின்ன வேலைகள்தான். 'இது இருந்தால் அது' என்ற நிபந்தனை பிறகு சேர்ந்தது.

சி-யின் 'சார்' வகை ஒரு பைட். அதில் 256 குறியீடுகளுக்கே இடம். தமிழுக்கு மட்டும் 247 எழுத்துகள்! 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டி வந்த டாம், டாப் குறியீடுகள் கொம்பு, கால் என்று பிரித்துத்தான் தமிழை அந்த இடத்துக்குள் அடக்கின. 1991-இல் வெளிவந்த யூனிகோடோ தமிழுக்கென்றே தனி இடம் ஒதுக்கியது.

விண்டோஸ் 95-க்குப் பழைய முறை, என்டி-க்கு யூனிகோட். இரண்டுக்கும் ஒரே நிரல் எழுத மைக்ரோசாஃப்ட் 'டிசார்' என்று ஒரு பெயர் வைத்தது. 'யூனிகோட்' என்ற மேக்ரோ இருந்தால் அது 16 பிட் எழுத்து. இல்லாவிட்டால் ஒரு பைட் 'சார்'. நிரல் முழுக்க டிசார் என்று எழுதியிருந்தால் ஒரு வரி போதும். சார் என்றே எழுதியிருந்தால் ஒவ்வோரிடமாகத் திருத்த வேண்டும்.

விண்டோஸ் 2000-இல் லதா எழுத்துருவோடு தமிழ் வந்தது, யூனிகோடாக மட்டுமே. பழைய முறை நிரலில் தமிழைத் தட்டினால் வெறும் கேள்விக்குறிகள்தான். அப்படியே சேமித்துவிட்டால் மீட்கவும் முடியாது.

அந்த நாட்களில் ஒரு மாணவன் வகுப்புப் பெயர்ப்பட்டியல் முழுவதையும் ஒரு மென்பொருளில் தமிழில் ஏற்றினான். மறுநாள் திறந்தால் எல்லாம் கேள்விக்குறி. "கவனமில்லாமல் செய்தாயா?" என்று எல்லார் முன்னாலும் கடிந்துகொண்டேன். அவன் ஒன்றும் பேசாமல் மறுபடி ஆங்கிலத்தில் தட்டிக் கொடுத்தான்.

தவறு அவன் விரலில் இல்லை. யாரோ மாற்றாமல் விட்ட அட்டையில் இருந்தது. அது தெரிய எனக்குப் பல வருடம் ஆனது.

தம்பி, இதைப் படித்தால், அன்று எல்லார் முன்னாலும் சொன்னதை இன்று எல்லார் முன்னாலும் திரும்பப் பெறுகிறேன். உன் பெயரைத் தமிழிலேயே கீழே எழுது.