பூந்தமல்லியில் எழுந்த கேள்வி

துபாய் தேராவில் நைஃப் பக்கம் டைப்பிங் சென்டர் வாசலில், சம்பளம் வராத ஒரு தொழிலாளிக்குப் புகார் மனு போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கும் ஆளிடம் "எந்தக் காலேஜ் நீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். ஜமால் முகமது என்று பதில் வரலாம். தேராவில் அந்தக் கல்லூரிக்காரர்கள் இல்லாத தெரு ஏது? திருச்சி ஜோசப்ஸ், லயோலா, பாளையங்கோட்டை சேவியர்ஸ் என்றும் வரலாம். சேசு சபைக் கல்லூரிகளான இந்தக் கடைசி மூன்றுக்கும் மனு எழுதும் பழக்கம் எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு.

1924இல் சென்னையில் பியர் கார்ட்டி என்ற பிரெஞ்சு சேசு சபைக் குரு, கத்தோலிக்கக் கல்லூரி மாணவர்களை ஒன்றுசேர்த்து ஓர் அமைப்பைத் தொடங்கினார். அதுதான் ஐகஃப், அகில இந்தியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழக மாணவர் கூட்டமைப்பு. பிள்ளைகள் விசுவாசத்தில் ஊன்றி நிற்க வேண்டும், நாளைக்கு நாலு பேருக்குத் தலைமை தாங்க வேண்டும்: தொடக்கத்தில் கவலை அவ்வளவுதான். ஏழைக்கு உதவுவதும் இருந்தது, ஆனால் அது ஞாயிற்றுக்கிழமைப் புண்ணியம்.

அதைக் கலைத்தவர்களில் ஒருவர் இன்னொரு பிரெஞ்சுக்காரர், பியர் செராக். 1914இல் பிறந்து 1937இல் தமிழ்நாட்டுக்கு வந்தவர். தமிழும் சமஸ்கிருதமும் படித்தவர். ஐகஃப்பின் ஆன்மிக வழிகாட்டியாக இருந்தபோது மாணவர்களை வகுப்பிலிருந்து குடிசைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். பிற்பாடு மானாமதுரைப் பக்கத்து வறண்ட காட்டில் ஆயிரம் கிணறு வெட்டும் திட்டத்தைக் கையில் எடுத்தார். அதற்குப் பிறகு தாய்லாந்து எல்லையில் கம்போடிய அகதிகளோடு பத்தாண்டுக்கு மேல். 2012இல் சென்னையில் இறந்தபோது வயது 98.

கிணறு நல்ல காரியம். ஆனால் நிலமே இல்லாதவனுக்குக் கிணறு எதற்கு? இந்த மாதிரிக் கேள்விகள்தான் 1970இல் பூந்தமல்லியில் கூடிய ஐகஃப் மாணவர்களைப் பிடித்துக்கொண்டன. அங்கே பிறந்த அறிக்கைக்குப் பூந்தமல்லி பிரகடனம் என்றே பெயர். கொடுப்பது போதாது, வறுமையை உண்டாக்கும் அநீதியோடு மோத வேண்டும், அதில் நம் பங்கையும் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். அதற்கு முந்தைய ஆண்டு, காந்தி நூற்றாண்டை ஒட்டி, அரசு நாட்டு நலப்பணித் திட்டத்தை 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியிருந்தது. அது மாணவன் கையில் மண்வெட்டியைக் கொடுத்தது. பூந்தமல்லி கேள்வியைக் கொடுத்தது.

சேசு சபைத் தலைவர் பேத்ரோ அருப்பே ஸ்பெயினில் வலென்சியாவில் முன்னாள் மாணவர்களிடம், நீதிக்காக உங்களை வளர்த்தோமா என்று கேட்டு, இல்லை என்று தானே பதில் சொன்னது 1973இல்தான். கேட்டவர்களில் பலருக்குக் கோபம். சபை நீதியைத் தன் பணியின் பகுதியாக முறைப்படி அறிவித்தது 1975இல். நம் பிள்ளைகள் கொஞ்சம் முந்திக்கொண்டார்கள் என்று பெருமைப்பட்டால் தப்பில்லை. சேரிக்குப் போய்ப் பாடம் சொல்லிக் கொடுத்த கல்லூரிகள், அந்தச் சேரிப் பிள்ளைக்கு வகுப்பில் இடம் கொடுக்க எடுத்துக்கொண்ட காலத்தைப் பார்த்தால் பெருமை சற்று இறங்கும்.

பிறகு கேள்வி பாடத்திட்டத்துக்குள் நுழைந்தது. ஜோசப்ஸில் 'ஷெப்பர்ட்' என்ற விரிவாக்கத் துறை. துறைகள் ஆளுக்கொரு கிராமத்தை எடுத்துக்கொள்ளும். லயோலாவில் 'அவுட்ரீச்'. அங்கே மாணவன் செய்வது பெரிய புரட்சியெல்லாம் இல்லை. வீடு வீடாகக் கணக்கெடுப்பான். முதியோர் உதவித்தொகை வராத பாட்டிக்கு மனு எழுதுவான். தாலுகா ஆபீசில் எந்த மேசை, எந்தச் சான்று, யார் கையெழுத்து என்பதைக் கற்றுக்கொள்வான். கற்றதில் இதுதான் நிலைத்தது என்று எனக்குப் படுகிறது. மதிப்பெண்ணுக்காகப் போனவனுக்குக்கூட.

அது தேராவில் காசாகிறது. இங்கே அனுமதி இல்லாமல் நிதி திரட்டினால் குற்றம், தொழிற்சங்கம் கிடையாது, கூட்டம் கூடிக் கோஷம் போட முடியாது. ஊரில் கற்ற போராட்டமெல்லாம் விமானம் ஏறும்போதே உதிர்ந்துவிடும். மிஞ்சுவது மனு.

சனிக்கிழமை பனியாஸ் ஸ்கொயரில் மெட்ரோ ஏறினால் பச்சை வழியில் மாறாமல் ஊத் மேத்தா; இறங்கினால் 1967இல், அப்போதைய துபாய் ஆட்சியாளர் ஷேக் ராஷித் கொடுத்த நிலத்தில் எழுந்த புனித மரியா ஆலயம். பூசை முடிந்து வெளியே வந்தால் யாராவது ஒருவர் போனை நீட்டுவார். 2009இலிருந்து சம்பளம் வங்கி வழியாகத்தான் வர வேண்டும் என்பது சட்டம். ஆகவே ஏறாத மாதம் போனிலேயே தெரியும்: மார்ச் எஸ்எம்எஸ், ஏப்ரல் எஸ்எம்எஸ், அதற்குமேல் ஒன்றுமில்லை. "கேம்ப்பை விட்டு வெளியே வந்துடாத தம்பி, ஓடிட்டான்னு கம்பெனிக்காரன் அப்ஸ்காண்ட் போட்டுடுவான்" என்பது முதல் அறிவுரை. அடுத்தது விசா, லேபர் கான்ட்ராக்ட் நகல். தொழில் அமைச்சுக்குப் புகார் போகும். பல நேரம் பணமும் வரும்.

புகாரில் இல்லாத ஒரு கேள்வியையும் பழைய மாணவன் கேட்பான்: "ஏஜென்ட்டுக்கு எவ்வளவு அழுதீங்க?" இந்தியச் சட்டப்படி அவர் வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் வரியும்தான். பதில் பெரும்பாலும் லட்சத்தில் வரும், ரசீது இருக்காது. ஏஜென்ட்டின் பெயர், ஊர், வாங்கிய தொகை மூன்றையும் எழுதிக்கொண்டு சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அதற்குத் தொழிலாளியின் கையெழுத்து வேண்டும். அவரோ, ஏஜென்ட் நம்ம மாமா பையன், ஊரில் முகத்தில் விழிக்கணுமே என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.