ஒரு செடியும் இரு சட்டங்களும்

கஞ்சா என்னும் சொல் தமிழ்ச் செவியில் விழுந்ததும் மயக்கமும் சிறைச்சாலையுமே நினைவுக்கு வருகின்றன. அதே செடியை யப்பானியர் ‘அசா’ என்று வழங்கினர். அச்சொல் அவர்களுக்கு நினைவூட்டியவை உடுக்கும் துணி, மீன் வலை, கோயில் மணியின் கயிறு ஆகியனவே. அந்த யப்பானே இன்று இச்செடி தொடர்பில் உலகின் மிகக் கடுமையான சட்டங்களைக் கொண்ட நாடுகளுள் ஒன்றாக விளங்குகின்றது. துணிக்குரிய செடி குற்றத்துக்குரிய செடியாக மாறிய வரலாறு அறியத்தக்கது.

யப்பானின் தொல்குடிகள் மட்பாண்டம் வனைந்து வாழ்ந்த காலத்திலேயே அசாவை அறிந்திருந்தனர் என்பதை அகழ்வாராய்ச்சி காட்டுகின்றது. பருத்தி பரவுவதற்கு முன்னர் செல்வர் பட்டு உடுத்தனர். உழவரும் மீனவரும் உடுத்தது அசா முதலிய நார்த்துணியே. வசந்த காலத்தில் விதைத்தால் ஏறக்குறைய நூறு நாளில் ஆளுயரத்தைக் கடந்து நேராக வளர்வது அதன் இயல்பு. அவ்வாறே பிள்ளையும் வளர வேண்டுமென்று விரும்பிய தாய்மார், அசா இலைக்கோலம் பொறித்த ஆடையைக் குழந்தைக்கு அணிவித்தனர்.

சமயத்திலும் அதற்கு உயர்ந்த இடமுண்டு. சிந்தோ ஆலயங்களில் தீட்டு நீக்கும் சடங்குக்கும் புனிதக் கயிற்றுக்கும் அசா நார் பயன்பட்டது. சூமோ மல்லருள் முதன்மை பெற்றோர் இடையில் அணியும் பெருங்கயிறும் அந்நாரினாலேயே முறுக்கப்படுவது. அதன் விதை உணவிற் சுவையூட்டும் ஏழுவகைப் பொடியிலும், மலச்சிக்கலைப் போக்கும் மருந்திலும் சேர்ந்தது.

மயக்கம் தரும் ‘இந்தியச் சணல்’ வேறு, தம் வயலில் விளையும் அசா வேறு என்றே யப்பானியர் எண்ணினர். 1886 இல் வெளியான அந்நாட்டின் முதலாவது அரச மருந்து நூலில் இந்தியச் சணல் மருந்தாக இடம்பெற்றது. 1925 ஆம் ஆண்டு செனீவாவில் உருவான சர்வதேச அபின் உடன்படிக்கை இந்தியச் சணலையும் கட்டுப்பாட்டுக்குட் கொணர்ந்தது. அதற்கிணங்க யப்பான் 1930 இல் விதிகளை வகுத்தபோதும் உள்நாட்டு உழவரை அவை தீண்டவில்லை. போர்க்காலத்திலோ கயிற்றுக்கும் பிற படைத்தேவைகளுக்குமாக அசாப் பயிரை அரசே ஊக்குவித்தது.

1945 இல் யப்பான் தோல்வியுற்றது. அவ்வாண்டு ஒக்ரோபர் மாதம் நேச நாடுகளின் ஆக்கிரமிப்புத் தலைமையகம் போதைப்பொருள்கள் பற்றி ஒரு கட்டளை பிறப்பித்தது. அக்கட்டளை அசாப் பயிரையும் தடை செய்தது. பரம்பரையாகச் செய்த தொழில் ஒரே நாளிற் குற்றமாகிவிட்டதைக் கண்டு உழவர் திகைத்தனர். நாரின்றி வலை இல்லை, கயிறு இல்லை, மிதியடிக்கு வார் இல்லை என்று யப்பானிய அதிகாரிகள் எடுத்துரைத்தனர். 1947 இல் வரையறுத்த சில மாகாணங்களிற் பயிர் அனுமதிக்கப்பட்டது. 1948 யூலை மாதத்திற் கஞ்சாக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிறந்தது.

அச்சட்டம் ஒரே செடியை இரு கூறாக்கியது. முதிர்ந்த தண்டும் விதையும் சட்டத்துக்குப் புறம்பானவை. இலையும் பூவும் தடைக்குரியவை. பயிரிடுவோர் மாகாண ஆளுநரிடம் அனுமதிப் பத்திரம் பெறல் வேண்டும். கஞ்சாவிலிருந்து செய்த மருந்தை நோயாளருக்குக் கொடுத்தலும் பெறுதலும் விலக்கப்பட்டன. வைத்திருத்தல் குற்றமாயினும் உட்கொள்ளுதலுக்கு அச்சட்டம் தண்டனை விதிக்கவில்லை. வயலிலும் நாருரிக்கும் கொட்டகையிலும் உழைப்பவர் அறியாது அதன் வீரியத்தைச் சுவாசிக்கக்கூடும் என்ற எண்ணமே அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. பிற்காலத்தில் உழவரின் சிறுநீரைச் சோதித்தபோது அவ்வீரியத்தின் அடையாளம் காணப்படவில்லை.

1954 இல் அனுமதி பெற்ற உழவர் 37,000 பேருக்கு மேல் இருந்தனர். 2021 இன் முடிவில் எஞ்சியோர் முப்பதின்மருக்கும் குறைவு. இவ்வீழ்ச்சிக்குச் சட்டம் ஒன்றே காரணமன்று. நைலோன் வந்தது; மர மிதியடிக்குப் பதிலாகச் சப்பாத்து வந்தது; மலிவான பிறநாட்டு நார் வந்தது. எனினும் வாங்குவோர் குறைந்த காலத்திற் கட்டுப்பாடும் கூடியதால், விட்டவர் மீண்டும் தொடங்குதல் அரிதாயிற்று. 1963 இல் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. 1980 சனவரியில் ஆங்கிலப் பாடகர் போல் மக்காட்னி கஞ்சாவுடன் நரித்தா விமான நிலையத்திற் பிடிபட்டு, ஒன்பது நாள் காவலில் இருந்தபின் நாடு கடத்தப்பட்டமை உலகறிந்த செய்தி. மயக்கத்தை நாடியோர் வயலிற் புகுந்து இலை திருடலாயினர். எனவே அசாவுக்குப் பேர்பெற்ற தொச்சிகி மாகாணத்தில் மயக்கப்பொருள் மிகக் குறைந்த ‘தொச்சிகிசிரோ’ என்னும் வகை உருவாக்கப்பட்டு, 1980களின் தொடக்கத்திலிருந்து பரவியது.

இருபத்தோராம் நூற்றாண்டில் இருபுறமும் நெருக்கடி எழுந்தது. ஒருபுறம் இளைஞரிடையே கஞ்சாப் பழக்கம் பெருகி, 2023 இல் அதன் பொருட்டுக் கைதானோர் தொகை 6,000 ஐக் கடந்தது. மறுபுறம் மயக்கந் தராத ‘சீபீடீ’ என்னும் கூறு சேர்ந்த எண்ணெய்களும் பானங்களும் உடல்நலப் பொருள்கள் என்ற பெயரில் கடைகளில் நிறைந்தன. தண்டிலிருந்து எடுத்ததா, இலையிலிருந்து எடுத்ததா என்பதைக் குப்பியிலுள்ள எண்ணெய் சொல்லுமா? கடுமையான வலிப்பு நோயுற்ற குழந்தைகளின் பெற்றோரோ, பிற நாடுகளில் வழங்கும் மருந்து தம் நாட்டில் விலக்கப்பட்டிருப்பது ஏன் என வினவினர்.

2023 டிசெம்பரில் யப்பானியப் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. அது 2024 டிசெம்பர் 12 ஆம் திகதி முதல் நடைமுறைக்கு வந்தது. செடியின் உறுப்பைக் கொண்டு வகுத்த எல்லை நீங்கி, ‘டீஎச்சீ’ என்னும் மயக்கப்பொருளின் அளவைக் கொண்டு வகுத்த எல்லை வந்தது. எண்ணெயிலும் பொடியிலும் கிலோகிராமுக்கு 10 மில்லிகிராம், நீர்ப்பானத்தில் 0.1 மில்லிகிராம், ஏனையவற்றில் 1 மில்லிகிராம் என்பனவே உச்ச அளவு. 2018 இல் ஐக்கிய அமெரிக்கச் சட்டம் சணற்செடிக்கு வகுத்த 0.3 வீதம், கிலோகிராமுக்கு 3,000 மில்லிகிராமாகும். ஆதலால் வெளிநாட்டுக் கடையிற் சட்டப்படி வாங்கிய குப்பி, யப்பானியத் துறைமுகத்திற் போதைப்பொருளாகக் கருதப்படலாம். உட்கொள்ளுதலும் ஏழாண்டுவரை சிறைக்குரிய குற்றமாயிற்று. அதே சட்டம் அரசின் அங்கீகாரம் பெற்ற மருந்துக்கு வழி திறந்தது. 2025 மார்ச்சு முதல் பொருளுற்பத்திக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று என இருவகை அனுமதியும் வகுத்தது. ஒரே கையால் இறுக்கியும் தளர்த்தியும் அமைந்தது அது.

2019 நவம்பரிற் புதிய பேரரசர் நிகழ்த்திய முடிசூட்டுக்கால வேள்வியில், மரபுப்படி தொக்குசிமா மாகாணத்தில் நெய்த அசாத்துணி படைக்கப்பட்டது. அதற்கென விளைந்த சிறு வயலைச் சுற்றி வேலி எழுந்தது. இரவும் பகலும் காவல் இருந்தது. பேரரசரின் வேள்விக்கு இன்றியமையாத பயிரைக் களவிலிருந்து காக்க வேண்டிய நிலையை அவ்வேலி காட்டியது.

தன் இளைஞரைக் காப்பது அரசின் கடமை. அதைக் குறைகூற இயலாது. ஆனால் 1948 இல் அவசரத்தில் வரைந்த கோட்டைத் திருத்த யப்பானுக்கு எழுபத்தைந்து ஆண்டுகள் சென்றன. அதற்கிடையில் நாருரிக்கும் கைகளும் விதை காக்கும் குடும்பங்களும் பெரும்பாலும் மறைந்துவிட்டன. பாராளுமன்றம் சட்டத்தை ஒரு கூட்டத்தொடரிலே மாற்றிவிடலாம். தந்தையிடம் மகன் கற்கத் தவறிய தொழிலை எந்தச் சட்டமூலத்தாலும் மீட்டுத் தருதல் இயலாது.