முரசும் பியூகிளும்: அமெரிக்கக் குழாங்களும் அவற்றின் பழைய உறுப்பினரும்

முதலாம் உலக மகாயுத்தம் 1918ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஓய்ந்தபின், ஐரோப்பாவினின்றும் தாயகம் மீண்ட அமெரிக்கப் போர்வீரர் தம்மொடு கொண்டுசென்ற பழக்கங்களுள் பியூகிள் ஊதுதலும் ஒன்று. பாசறையிலே துயிலெழுப்பவும், உணவுக்கு அழைக்கவும், மாண்டோரை அடக்கஞ் செய்யும்போது இறுதி மரியாதை செலுத்தவும் பயன்பட்ட அக்கருவிக்குச் சமாதான காலத்தில் வேலை இல்லாதாயிற்று. 1919இல் தோன்றிய அமெரிக்கன் லீஜன் என்னும் முன்னாட் போர்வீரர் சங்கம் ஊர்தோறுங் கிளை பரப்பியபோது, அக்கிளைகள் பல பியூகிளையும் முரசையும் இணைத்து அணிநடைக் குழாங்களை அமைத்தன. 1921இற் கன்சாஸ் நகரிற் கூடிய லீஜன் மாநாட்டிலே இக்குழாங்களுக்கிடையிற் போட்டியும் நடந்தது. முரசு பியூகிள் குழாம் என இன்று வழங்கும் கலையின் தொடக்கம் இதுவே.

இக்குழாம் யாதென்பதை முதற்கண் விளக்குதல் வேண்டும். நம் நாட்டுக் கல்லூரிகளிலும் மாணவர் படைப்பிரிவுகள் உண்டு. அவற்றின் வாத்திய அணியிற் பியூகிள் ஊதியோர் இதனைப் படிப்போருள்ளும் இருத்தல் கூடும். நம்மவரது பியூகிள் பிரித்தானியப் படையின் வழியாக வந்தது. அமெரிக்கக் குழாமும் அவ்வாறே படைவழக்கிற் பிறந்ததாயினும், மைதானத்தை அரங்காகக் கொண்டு, நடையும் இசையும் பிரிக்கவொண்ணாத ஒரு காட்சியாக வளர்ந்துவிட்டது. குழலும் நரம்பும் அதில் இடம்பெறா. ஊதுகொம்பு, தோற்கருவி, கொடியேந்துவோர் என்னும் முப்பிரிவினரே அதனை ஆக்குவர். பதினொரு நிமிடமோ பன்னிரு நிமிடமோ நிகழும் ஒரு காட்சிக்காக ஒரு கோடைகாலம் முழுவதும் உழைப்பர்.

போர்வீரர் தொடங்கிய இவ்வழக்கம் விரைவில் அவர்தம் மக்களையுஞ் சேர்ந்தது. கத்தோலிக்கக் கோயில்களும் சாரணர் சங்கங்களும் சிறுவர் குழாங்களை ஆதரித்தன. நியூ யேர்சி மாநிலத்துக் கார்பீல்ட் ஊரிலே 1934இல் ஒரு கோயிலைச் சார்ந்து தோன்றியது, பின்னர் கடெற்ஸ் எனப் புகழ்பெற்ற குழாம். 1938இல் விஸ்கொன்சின் மாநிலத்திலே மடிசன் ஸ்கவுற்ஸ் தோன்றியது. பொஸ்ரன் குருசேடேர்ஸ் 1940இலும், சிக்காகோவிற் சாரணர் அணியொன்றிலிருந்து கவலியேர்ஸ் 1948இலும் எழுந்தன. 1957இல் வயோமிங் மாநிலத்துக் காஸ்பர் என்னும் சிறு நகரிலே யிம் யோன்ஸ் என்பார் குதிரைப்படை வீரரின் நீலச் சீருடை அணிவித்து ட்ரூப்பேர்ஸ் என்னுங் குழாத்தை அமைத்தார். தெருவிலே கூடி, கோயில் மண்டபத்திலே பயின்று, வார இறுதியில் அயலூர்ப் போட்டிக்குச் சென்று திரும்பிய குழாங்கள் அக்காலத்தில் எண்ணிறந்தன.

இச்சிறுவர் குழாங்கட்கு ஒரு விதி உண்டு. அவ்விதியே இக்கட்டுரைக்குப் பொருளாவது. இருபத்தோராம் வயதோடு ஒருவனது உறுப்பினர் உரிமை முடிந்துவிடுகின்றது. எத்துணைத் திறமை உடையவனாயினும் அவன் அடுத்த ஆண்டு அணியில் நிற்றல் இயலாது. இசைப்புலவன் முதுமையிலும் பாடலாம்; கிரிக்கெற் வீரன் முப்பத்தைந்து வயதுவரை ஆடலாம். இக்கலையிலோ, ஒருவன் தேர்ச்சியின் எல்லையை அணுகும்போதே விடைபெறுகின்றான். முதியோர்க்கென வேறு குழாங்கள் உண்மை; அவை 1965 முதல் தமக்கெனத் தனிப்போட்டி நடத்தின. ஆயினும், பெரும்பாலார் தம் இளமைக் குழாத்தோடு கொம்பைக் கீழே வைத்துவிடுகின்றனர். எஞ்சிய ஐம்பது அறுபது ஆண்டுகள் அவர்கள் 'பழைய உறுப்பினர்' ஆகவே வாழ்கின்றனர். மூன்றாண்டோ நான்காண்டோ நீடித்த ஓர் அனுபவம் ஒரு வாழ்நாள் முழுவதுக்கும் அடையாளமாகி நிற்கும் இவ்வதிசயம் ஆராயத்தக்கது. பழைய மாணவர் சங்கங்களின் பெருமையறிந்த நம் கல்லூரிச் சமூகத்தார்க்கு இது முற்றும் புதிதன்று. ஆனால், கல்லூரியை விட்டவன் கல்வியை விடுவதில்லை. குழாத்தை விட்டவனோ அக்கலையையே விட்டுவிடுகின்றான். வேற்றுமை ஈண்டுளது.

கலையை விட்டவன் அதன் காவலனாகின்றான். அக்காவல் எப்போதும் நன்மையே விளைத்தது என்றல் வரலாற்றுக்கு ஒவ்வாது. 1960களின் இறுதியில், போட்டிகளை நடத்திய போர்வீரர் சங்கங்களின் விதிகள் இளைஞர்க்கு விலங்காயின. தேசியக்கொடியை ஏந்தும் முறை, இசைக்கருவியின் அமைப்பு, நடையின் ஒழுங்கு யாவும் படைமரபின்படியே இருத்தல் வேண்டுமென அவை வற்புறுத்தின. 1971இல், வியத்நாம் யுத்தம் நடந்துகொண்டிருந்த வேளையில், கார்பீல்ட் கடெற்ஸ் குழாத்தினர் மைதானத்திலே சமாதானச் சின்னத்தின் உருவில் அணிவகுத்து நின்றனர். முன்னாட் போர்வீரர் முன்னிலையில் இஃது எத்துணைச் சலசலப்பை விளைத்திருக்கும் என்பதைக் கூறவேண்டுவதில்லை. அவ்வாண்டிலேயே கவலியேர்ஸ், மடிசன் ஸ்கவுற்ஸ், ட்ரூப்பேர்ஸ், புளூ ஸ்ரார்ஸ், சான்ரா கிளாரா வன்கார்ட் என்னும் ஐந்து குழாங்கள் ஒன்றுகூடித் தம் நிகழ்ச்சிகளைத் தாமே நடத்தத் துணிந்தன. கிழக்கு மாநிலக் குழாங்களும் உடன்சேர, டிரம் கோர் இன்ரர்நாசனல் என்னும் அமைப்பு உருவாயிற்று. 1972 ஓகஸ்ட் மாதத்தில் விஸ்கொன்சின் மாநிலத்து வைற்வோற்றர் என்னும் ஊரிலே நடந்த அதன் முதற் போட்டியிற் கலிபோர்ணியாவைச் சேர்ந்த அனகைம் கிங்ஸ்மென் வெற்றிபெற்றது.

இதன் பின்னர் நிகழ்ந்த மாற்றங்கள் விரைந்தன. பியூகிளின் இயல்பை அறிந்தோர்க்கு அவற்றின் அளவு நன்கு புலனாகும். வால்வு இல்லாத பியூகிளில் ஐந்தாறு சுரங்களே எளிதில் ஒலிக்கும். இராகம் என ஒன்றை அதில் எழுப்புதல் அரிது. ஆதலின் ஒரு வால்வு சேர்த்தனர். 1977இல் இரண்டு வால்வுகளும், 1990இல் மூன்று வால்வுகளும் அனுமதிக்கப்பட்டன. 2000ஆம் ஆண்டில் எச்சுருதியிலமைந்த கொம்பும் ஆகலாமென விதி தளர்ந்தது. 2004இல் ஒலிபெருக்கியும் 2009இல் மின்னியக்க வாத்தியங்களும் 2014இல் திரொம்போன் முதலியனவும் மைதானம் புகுந்தன. முரசடிப்போர் சுமந்து நடந்த பெருங்கருவிகள் 1980களின் தொடக்கத்திலேயே முன்வரிசையில் நிலத்தில் ஊன்றப்பட்டன.

நடையும் மாறிற்று. முன்னர் நடுவர் அணியினூடே நடந்து, தவறிய ஒவ்வோர் அடிக்கும் ஒவ்வொரு சுரத்துக்கும் பத்திலொரு புள்ளியைக் கழிப்பர். 1984இல் அம்முறை கைவிடப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டிலே யோர்ச் சிங்கலி என்பார் அமைத்த நடையோடு கடெற்ஸ் முதன்முறையாக அப்போட்டியில் வென்றது. நேர்க்கோடும் சமச்சீருமாய் இயங்கிய அணி, நீர்போல் வளைந்து உருமாறத் தொடங்கியது அக்காலத்திலேதான். இம்மாற்றத்தின் இன்னொரு கிளை நாடக அரங்கிற்கே சென்றது. 1991இல் வென்ற ஸ்ரார் ஒவ் இந்தியானா என்னுங் குழாம் 1993உடன் போட்டியை விட்டு நீங்கி மேடைக்கலையில் இறங்கியது. அதிலிருந்து பிறந்த 'பிளாஸ்ற்' என்னுங் காட்சி 2001இல் நியூயோர்க்கிலே டோனி விருது பெற்றது.

இவற்றுள் ஒவ்வொன்றையும் பழைய உறுப்பினர் எதிர்த்தனர் என்பதே ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. பியூகிள் போயிற்று, பியூகிள் குழாம் என்னும் பெயர் மட்டும் ஏன் என்பது அவர்தம் வினா. அவ்வினா நியாயமானதே, இன்று மைதானத்தில் ஒலிப்பவற்றுள் 1921ஆம் ஆண்டின் பியூகிள் ஒன்றேனும் இல்லை. ஆயினும், அவர்கள் அளவுகோலாகக் கொள்வது 1921ஆம் ஆண்டை அன்று. தாம் இருபது வயதினராய் நின்ற அந்த ஒரு கோடையையே. இரு வால்வுக் கொம்பினை ஊதியவன் மூன்றாம் வால்வை நிந்திக்கின்றான். அவ்விரு வால்வையும் நிந்தித்தோர் அவனுக்கு முன்னிருந்தனர். இந்நிந்தனைகளை நிரலே படிப்போர்க்குச் சிறிது நகை தோன்றுதல் இயல்பு.

ஆனால், நகைத்து ஒதுக்கக்கூடாத முறையீடு ஒன்றும் உண்டு. ஊர்க் குழாங்கள் அழிந்தன. 1970களில் எரிபொருள் விலை ஏறியது. நாடளாவிய பயணம் கட்டாயமாயிற்று. கருவிகளின் விலையும் காப்புறுதிச் செலவும் கோயில் மண்டபத்துக் குழாத்தினால் தாங்கவொண்ணாதவை ஆயின. இன்று முதற்றரப் பிரிவிற் போட்டியிடும் குழாங்கள் ஏறத்தாழ இருபதே. ஓர் இளைஞன் ஒரு கோடைக்குப் பல ஆயிரம் டொலர் கட்டணஞ் செலுத்துகின்றான். பகல் முழுவதும் வெயிலிற் பயின்று, இரவிற் பேருந்திலோ யாதேனும் ஒரு பாடசாலையின் உடற்பயிற்சி மண்டபத் தரையிலோ உறங்குகின்றான். உடனிருப்போர் பல மாநிலத்தவர். கார்பீல்டின் தொழிலாளி மகன் தெருவைக் கடந்துசென்று கொம்பெடுத்த காலம் அன்று இது. கலை உயர்ந்தது என்பதில் எமக்கு ஐயமில்லை. அதனை அடையும் வாயில் குறுகிற்று என்பதிலும் ஐயமில்லை. மின்வாத்தியத்தைப் பற்றி வாதிடும் முதியவர் இதனைப் பற்றி இன்னும் மிகுதியாக வாதிடலாம்.

அவ்வாதம் ஒருபுறமிருக்க, அவர்கள் குழாங்களைத் தாங்கும் முறையையும் நோக்குதல் வேண்டும். பயணத்தின்போது சமையல் வண்டியில் நின்று நாளொன்றுக்கு நான்கு வேளை உணவாக்குவோரும், சீருடை தைப்போரும், பாரவண்டி ஓட்டுவோரும் பெரும்பாலும் பெற்றோரும் பழைய உறுப்பினருமே. காட்சியை எழுத்திற் பாதுகாத்தல் இயலாது. ஓகஸ்ட் மாதத்தில் இறுதிப்போட்டி முடிந்ததும் அது மறைந்துவிடுகின்றது. இசைத்தட்டுகளையும் ஒலிநாடாக்களையுஞ் சேர்த்து, எவ்வாண்டில் எக்குழாம் எப்பாட்டை எவ்வாறு முடித்தது என்பதை மனனமாய் ஒப்பிக்கும் இரசிகரே அதற்கு ஏடாயினர். மடிசன் ஸ்கவுற்ஸ் குழாத்தார், 1945இல் அரங்கேறிய 'கரொசல்' நாடகத்துப் பாடலாகிய 'யூ வில் நெவர் வோக் அலோன்' என்பதைத் தம் குழாப் பாட்டாகக் கொண்டனர். 2006இல் இறுதிப்போட்டி மடிசன் நகரிலேயே நடந்தபோது, பல தலைமுறைப் பழைய உறுப்பினர் கூடிப் பயின்று ஒரு குழாமாக மைதானத்தில் இறங்கினர். அடுத்த ஆண்டு கலிபோர்ணியாவிலே, 1972இல் முதற்பரிசு பெற்றுப் பின்னர் மறைந்துபோன அனகைம் கிங்ஸ்மென் குழாத்தின் பழையோரும் அவ்வாறே செய்தனர்.

காத்திருத்தலும் இவர்தம் தொழிலாகும். பொஸ்ரன் குருசேடேர்ஸ் 1940இல் தோன்றியதாயினும், 1972இல் தொடங்கிய போட்டியின் இறுதிப் பன்னிருவருள் ஒன்றாக முதன்முறை இடம்பெற்றது 1999இலேயாம். இருபத்தேழு ஆண்டுகள்! இடையில் அக்குழாத்தில் நின்று விடைபெற்ற எத்தனையோ பேர் இறுதிநாள் மாலையில் மைதானத்துக்கு வெளியே அமர்ந்து பிறர் ஆடக் கண்டனர். இலினோய் மாநிலத்துப் பான்ரம் றெஜிமென்ற் 1956இல் தோன்றியது. 1996இற் புளூ டெவில்ஸ் குழாத்தோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டது. தனித்து வென்றது 2008இலேதான். உரோம அடிமைகளின் கிளர்ச்சித் தலைவன் ஸ்பார்ட்டகஸ் வரலாற்றை அவ்வாண்டு அது காட்டிற்று. பெற்ற புள்ளி 98.125, இரண்டாமிடத்துப் புளூ டெவில்ஸ் பெற்றது 98.100. நாற்பதில் ஒரு பங்கு புள்ளி! ட்ரூப்பேர்ஸ் குழாமோ நிதி நெருக்கடியால் 2006இற் களமிறங்காதிருந்து, 2007இல் மீண்டு, 2009இல் மறுபடியும் பன்னிருவருள் ஒன்றாயிற்று. அதற்கு முன் அது அவ்விடத்தைப் பெற்றது 1986இல்.

எல்லாக் குழாங்கட்கும் இவ்வாறு மீட்சி கிட்டுவதில்லை. பத்து முறை முதலிடம் பெற்ற கடெற்ஸ் குழாத்தின் தலைவர், பெண்கள் பலர் பாலியற் குற்றச்சாட்டுகளைக் கூறியதையடுத்து 2018இற் பதவி விலகினார். பின்னர், 1980களில் நிகழ்ந்ததாகக் கூறப்பட்ட கொடுமை தொடர்பான வழக்கு ஒன்று எழுந்தது. 2024 ஏப்பிரிலில், அவ்வழக்கின் சுமையைத் தாங்கவியலாத நிலையிற் குழாம் முற்றாக மூடப்பட்டது. 1934இல் தொடங்கிய வரலாறு தொண்ணூறாம் ஆண்டில் முடிந்தது. பழைய உறுப்பினரின் நிலை இரங்கத்தக்கதாயிற்று. தாம் போற்றிய இல்லத்திலே சிலர்க்குத் தீங்கு இழைக்கப்பட்டதெனக் கேட்டபின், இல்லம் போயிற்றே என அழுதலும் முறையோ என அவர்களுட் சிலரேனும் தம்மைத் தாமே வினவியிருப்பர். பற்று என்பது உண்மையைக் கேளாதிருத்தற்குக் காரணமாகலாகாது. தீங்குற்றோரும் அவ்வில்லத்தின் பழைய உறுப்பினரேயன்றோ?

கடெற்ஸ் குழாத்துக்கு நடை வகுத்த சிங்கலி, மசசூசெற்ஸ் மாநிலத்து றிவியர் ஊரின் 27ஆம் லான்சேர்ஸ் குழாத்திலே வளர்ந்தவர். 1967இல் தோன்றிய அக்குழாம் 1980இல் லேக் பிளாசிட் நகரிலே நடந்த குளிர்கால ஒலிம்பிக் விழாவிலும் பங்குபற்றியது. 1986ஆம் ஆண்டுக் கோடையே அதன் இறுதிக் கோடை. 1992இற் சிங்கலி காலமானார். 1994இல் இறுதிப்போட்டி பொஸ்ரன் அருகே பொக்ஸ்பரோவில் நடந்தபோது, லான்சேர்ஸ் குழாத்தின் பழைய உறுப்பினர் கொம்பும் முரசும் கொடியும் ஏந்தி மைதானத்தினுட் புகுந்தனர். குழாங் கலைந்து எட்டாண்டுகள் சென்றிருந்தன. அவர்களுட் பலர் தாய் தந்தையர். அவர்கட்குப் புள்ளியிட அன்று நடுவர் எவரும் இருந்திலர்.