சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்: டென்வர் பெட்டிக் கதை

மக்களே, கொஞ்ச நாளா எம்.எஸ். ப்ராஜெக்ட்டுக்காக விமான நிலையங்கள்ல பெட்டி எப்படிப் போகுதுன்னு படிச்சுக்கிட்டு இருக்கேன். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் அமெரிக்காவோட டென்வர் வந்து நிக்குது. எல்லாரும் அதை சாஃப்ட்வேர் சொதப்பல்னு சொல்லி முடிச்சுடறாங்க. எனக்கென்னவோ அதுல ஒரு மின்சாரக் கதையும் இருக்குன்னு தோணுது.

முதல்ல யுனைடெட் நிறுவனம் தன்னோட முனையத்துக்கு மட்டும்தான் தானியங்கி முறை கேட்டது. 1992-ல் நகர நிர்வாகம் அதையே மொத்த விமான நிலையத்துக்கும் விரிச்சது. அதுக்குள்ள கட்டடவேலை பாதி நடந்தாச்சு. இருக்கிற சுரங்கப் பாதைக்குள்ள, கூர்மையான வளைவுகளோட, சுமார் 21 மைல் தண்டவாளம், 4,000 வண்டிகள்! வண்டியில மோட்டார் கிடையாது. தண்டவாளத்துல பதிச்ச மோட்டார்கள் காந்தப்புலத்தால தள்ளிவிடும். பெட்டி ஏறும்போதும் இறங்கும்போதும்கூட வண்டி நிக்காது, வேகம் மட்டும் குறையும்.

இப்ப ஒரு சின்னக் கணக்கு. 20 கிலோ பெட்டியை மணிக்கு 30 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுவர சுமார் 700 ஜூல் போதும். 60 வாட் குண்டு பல்பு 12 விநாடி எரியற மின்சாரம், அவ்வளவுதான்!

அப்ப மிச்சச் செலவு எங்கே? பெட்டியோட சேர்த்து வண்டியையும் தள்ளணும். ஒவ்வொரு தடவை வேகம் குறைஞ்ச பிறகும் மறுபடி முடுக்கணும். இந்த வகை மோட்டார்ல காற்று இடைவெளி அதிகம்கிறதால சாதாரண மோட்டாரைவிடத் திறன் குறைவு. எல்லாத்துக்கும் மேல, அடுத்த பெட்டி எங்கே வருமோ அங்கே காலி வண்டியை முன்கூட்டியே அனுப்பியாகணும். அதாவது காசு குடுத்துக் காத்தை ஏத்தி அனுப்பறோம் :-)

வந்த மின்சாரமும் சீரா இல்லை. ஏற்ற இறக்கத்துல மொத்த முறையும் நின்னு போச்சு. அதைச் சரிசெய்யும் வடிகட்டிகள் வர மாதக்கணக்காச்சு. 1994-ல் பத்திரிகைக்காரங்க முன்னாடி ஓட்டிக் காட்டினப்போ பெட்டிகள் கிழிஞ்சு துணிமணி சிதறுச்சு. 1993 அக்டோபர்ல திறக்கவேண்டிய விமான நிலையம் 1995 பிப்ரவரி 28-ல்தான் திறந்தது. அப்பவும் தானியங்கி முறை ஓடினது யுனைடெட்டோட முனையத்துல, அதுவும் புறப்படற பெட்டிகளுக்கு மட்டும். மத்தவங்களுக்குப் பழைய பெல்ட்டும் இழுவை வண்டியும்தான். பராமரிப்புக்கே மாசம் 10 லட்சம் டாலர் ஆகுதுன்னு 2005-ல் யுனைடெட்டும் கைவிட்டுடுச்சு.

இன்னிக்குப் பல இடங்கள்ல பெல்ட்டைத் துண்டு துண்டா பிரிச்சு, பெட்டி வர்றதை சென்சார் பார்த்தா மட்டும் ஓடவிடறாங்க. சுமை இல்லாதப்போ மோட்டார் தூங்கும். பெரிய வித்தை ஒண்ணுமில்லை. ஆனா "எவ்வளவு வேகமா தள்ளலாம்"னு கேக்கறதுக்கு முன்னாடி "எப்பெல்லாம் தள்ளவே வேண்டாம்"னு கேட்டிருக்காங்க. டென்வர்ல அந்தக் கேள்வியை யாராவது முதல்லயே சத்தமா கேட்டிருந்தா, கதை இவ்வளவு செலவு வச்சிருக்காதுன்னு நினைக்கிறேன்.

நீங்க என்ன நினைக்கிறீங்க? பின்னூட்டத்துல அடிச்சு ஆடுங்க.