முக்கோணத் துணியும் ஜேஆர்சி பெட்டியும்

அரூர்ல நான் படிச்ச ஸ்கூல்ல ஜூனியர் ரெட் கிராஸ் உண்டு. பிடி பீரியட்ல ஒருத்தன் விழுந்து கை வீங்கிடுச்சு. முதலுதவிப் பெட்டியைத் திறந்தா டிங்சரும் பஞ்சும்தான். துண்டைக் கிழிச்சுத் தூளி கட்டினோம்.

அந்தக் கட்டுக்குப் பெரிய வரலாறே இருக்கு. ஜெர்மன் ராணுவ சர்ஜன் எஸ்மார்க் முக்கோணத் துணியைப் பிரபலமாக்கினார். கட்டுற முறையைத் துணியிலேயே படமா அச்சடிச்சாங்க. படிக்கத் தெரியாத சிப்பாயும் பார்த்துக் கட்டலாம். (யூசர் மேனுவல்னா இது!) இங்கிலாந்துல 1877ல தொடங்கின செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், சாதாரண ஜனங்களுக்கு முதலுதவி வகுப்பு எடுத்துச்சு. அதைப் பார்த்து 1882ல கீல் நகர்ல எஸ்மார்க்கும் ஒரு பள்ளி ஆரம்பிச்சார். நம்மூர் செஞ்சிலுவைச் சங்கம் 1920ல வந்தது.

அமெரிக்காவுல சில கல்லூரிகள்ல மாணவர்களே பயிற்சி எடுத்து ஆம்புலன்ஸ் ஓட்டுறாங்க. நம்ம யூத் ரெட் கிராஸ்னா பெரும்பாலும் ரத்ததான முகாம்தான். குறை சொல்லலீங்க. ஆனா தமிழ்நாட்டுக்கு 108 வந்ததே 2008 செப்டம்பர்ல. அதுக்கு முன்னாடி அரூர்ல பெரிய அடின்னா வாடகைக் கார் பிடிச்சு தர்மபுரிக்கு சுமார் 40 கிலோமீட்டர். இப்பவும் வண்டி வர்ற வரைக்கும் பக்கத்துல நிக்கிறவன் கைதான்.

1960ல அறிமுகமான நெஞ்சழுத்த முறைக்குப் பெட்டியே வேண்டாம். ரெண்டு கை, நிமிஷத்துக்கு 100லிருந்து 120 அழுத்தம். ஸ்கூல்ல யாரும் சொல்லித் தரலை. நான் கத்துக்கிட்டது 26 வயசுல, ஆபீஸ் ஃபயர் டிரில்ல.