எண்பது ரூபாயும் ஒரு மொட்டை மாடியும்



போன வருஷம் பக்கத்துக் கல்லூரியில் எம்.பி.ஏ. படிக்கிற பிள்ளைங்க நாலு பேர் நம்ம வெள்ளானூர் கூட்டமைப்புக்கு வந்தாங்க. "தொழில் நடத்தின அனுபவத்தைச் சொல்லுங்க அக்கா" என்று கேட்டார்கள். எங்கள் குழு நடத்தியது அப்பளத் தொழில். அது நின்று போய் அப்போதே இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தோற்ற கதையை என்னன்னு சொல்றது? அதனால் லிஜ்ஜத் அப்பளத்தின் வரலாற்றைச் சொன்னேன். சொல்லச் சொல்லத்தான் நாங்கள் எங்கே தவறினோம் என்பது எனக்கே புரிந்தது. இந்த மலருக்கும் அதையே எழுதுகிறேன்.

1959 மார்ச் 15. பம்பாயில் கிர்காம் பகுதியில் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் ஏழு குஜராத்திப் பெண்கள் கூடி அப்பளம் இட்டார்கள். அவர்களில் ஒருவர் ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட். கையில் முதல் இல்லை. சகன்லால் கரம்சி பாரேக் என்ற சமூக சேவகரிடம் 80 ரூபாய் கடன் வாங்கித்தான் மாவும் சாமான்களும் வாங்கினார்கள். முதல் நாள் தேறியது நான்கு பாக்கெட். அதை புலேஷ்வரில் ஒரு வியாபாரியிடம் கொடுத்து விற்றார்கள். முதல் வருஷ விற்பனை 6,196 ரூபாய். நம்ம தமிழ்நாட்டில் தர்மபுரியில் சுய உதவிக் குழுக்கள் தொடங்கியது 1989-இல். அதற்கு முப்பது வருஷம் முன்னாடி நடந்தது இது.

அந்த முதல் வருஷமே மழை வந்து கெடுத்தது. அப்பளம் காயவில்லை. நான்கு மாதம் வேலையை நிறுத்த வேண்டியதாயிற்று. அடுத்த மழைக்கு முன்னால் ஒரு கட்டிலும் ஸ்டவ்வும் வாங்கினார்கள். கட்டில் மேல் அப்பளம், கட்டிலுக்கு அடியில் ஸ்டவ். அந்தச் சூட்டிலேயே காய வைத்தார்கள். மழையிலும் வேலை நடந்தது.

ஆரம்பத்தில் அவர்கள் இரண்டு தரத்தில் அப்பளம் போட்டார்கள். மட்டமானதைக் குறைந்த விலைக்கு விற்கலாம் என்ற எண்ணம். கடன் கொடுத்த பெரியவர் தடுத்தார். ஒரே தரம்தான், அதுவும் நல்ல தரம் என்றார். கணக்கை ஒழுங்காக எழுதி, இதை முழுத் தொழிலாக நடத்தச் சொன்னார். உடைந்த அப்பளத்தை விற்காமல் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் வருஷம் உறுப்பினர்கள் 300 பேரைத் தாண்டினார்கள். மாடியில் இடம் போதவில்லை. அதனால் பிசைந்த மாவைக் கொடுத்தனுப்பினார்கள். பெண்கள் வீட்டிலேயே இட்டுக் கொண்டுவந்து எடை போட்டுக் கொடுத்தார்கள். பிள்ளையைப் பார்த்துக்கொண்டே சம்பாதிக்க அதனால்தான் முடிந்தது. 1966-இல் சங்கமாகப் பதிவு செய்தார்கள். இன்றைக்கு நாடு முழுக்க 45,000-த்துக்கும் மேற்பட்ட பெண்கள் இதில் இருக்கிறார்கள். 2021-இல் ஜஸ்வந்திபென்னுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவித்தார்கள்.

இவ்வளவும் கேட்ட ஒரு பையன், "இதுல முதலாளி யாருக்கா?" என்றான். அப்பளம் இடுகிற ஒவ்வொரு பெண்ணும்தான் முதலாளி, லாப நஷ்டம் எல்லாருக்கும் பொது என்றேன். நோட்டில் எழுதிக்கொண்டவன், "அப்ப உங்க தொழில் ஏன்க்கா நின்னுபோச்சு?" என்று கேட்டான்.

மறைக்காமல் சொன்னேன். நாங்கள் பன்னிரண்டு பேர். ஐப்பசி மழையில் அப்பளம் காயாமல் பூசணம் பிடித்தது. "தை பொறந்ததும் பாத்துக்கலாம்" என்று நிறுத்தினோம். தை வந்தபோது எங்களிடம் வாங்கின கடைக்காரர் வேறு ஆளிடம் வாங்க ஆரம்பித்திருந்தார். அவரை இழுக்க விலையைக் குறைத்தோம். விலை குறைந்ததும் உளுந்து மாவில் மைதா கலந்தோம். சாப்பிட்டவங்களுக்குத் தெரியாதா? ஆர்டர் நின்றது. கணக்கு நோட்டு என் பொறுப்பு. வங்கிக்காரர் வருகிற அன்றைக்கு மட்டும் உட்கார்ந்து எழுதுவேன். எந்த மாதம் நஷ்டம் தொடங்கியது என்று எனக்கே தெரியவில்லை. கடைசித் தவணைக்கு ஒரு தங்கச்சி கம்மலை அடகு வைத்தாள். அந்தக் கம்மல் இன்னும் மீளவில்லை.

எங்களுக்குப் பணம் குறைவாக இருந்ததால் தொழில் போகவில்லை. அவர்கள் வாங்கின கடனைவிட நாங்கள் வாங்கின கடன் எத்தனையோ மடங்கு. மழையைப் பார்த்து அவர்கள் கட்டில் வாங்கினார்கள், நாங்கள் காத்திருந்தோம். அவர்கள் மட்டமான சரக்கை விட்டார்கள், நாங்கள் அதில் போய் விழுந்தோம். அவர்கள் கணக்கு எழுதினார்கள், நான் எழுதவில்லை.

வங்கிக் கடன் முழுதும் அடைந்துவிட்டது. பன்னிரண்டு பேரில் ஏழு பேர் மறுபடியும் அப்பளம் இடலாம் என்கிறோம். மூன்று தீர்மானம் எழுதியிருக்கிறோம்: மழைக்கு முன்னாடி உலர்த்த ஏற்பாடு, உளுந்து மாவு மட்டும், அன்றன்றைய கணக்கை அன்றைக்கே எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுவது. நோட்டை இந்த முறை வேறொருவர் எழுதட்டும் என்றேன். "நீயே எழுதுக்கா, நாங்க தினமும் பாக்குறோம்" என்றாள் கம்மலை அடகு வைத்த தங்கச்சி. முதல் லாபத்தில் அவள் கம்மலை மீட்பது என்று நான்காவதாக ஒரு தீர்மானத்தையும் அன்றே எழுதினோம்.